கை எட்டிய உயரம்

முதல் தடவை பூச்சு விழுந்தபோது நல்லக்கண்ணு கொத்தனார் ஓதத்தைக் குறை சொன்னார். இரண்டாம் தடவை விழுந்தபோது, ஆஷிக் அலியின் கடையில் வாங்கிய ப்ரைமர் டப்பாவைக் குறை சொன்னார். அதையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. கடை வாசலில் நாலு பேர் நிற்கும்போது சொன்னார். அந்தச் சொல் வாயை விட்டுப் போன பிறகுதான் அவருக்கு உண்மையான குழப்பம் தொடங்கியது.

சுவர், குருநாதன் வீட்டுத் தறிக்கூடத்துச் சுவர். இருபதடி நீளம், பதினோரு அடி உயரம். முப்பது வருஷம் இரண்டு விசைத்தறி ஓடிய இடம். தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, குருநாதன் இப்போது பக்கத்துக் கூடத்தில் போய் ஓட்டுகிறார். இவருடைய கூடம் சும்மா கிடந்தது. சுவரில் பச்சைப் பெயிண்ட். அதன்மேல் பஞ்சுத்தூசி எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து பூனை முடி மாதிரி அப்பியிருந்தது. மூச்சு விட்டாலே பறக்கும்.

குருநாதனின் மகள் வேல்விழிக்குத் தலைப்பிரசவம். எட்டாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. இரண்டு கிலோ ஆனதும் வீட்டுக்கு அனுப்புவோம், ஆனால் தூசி கூடவே கூடாது, கதவைச் சாத்தி வைக்கிற மாதிரி தனி அறை வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வீட்டின் முன்னறை தெருவைப் பார்த்தது. தெரு முழுக்கத் தறி. கதவு சாத்துகிற அறை என்றால் இந்தக் கூடம் ஒன்றுதான்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வேல்விழி போன் செய்வாள். அவள் அம்மா ஞானபூரணம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போடுவாள்.

"அம்மா, இன்னைக்கு ஆயிரத்து அறுநூத்தி இருபது."

"கூடியிருக்கா மக்கா?"

"இருபது கிராம் கூடியிருக்கும்மா."

ஞானபூரணம் அம்மன் படத்தைப் பார்த்துக் கை குவிப்பாள். சாரத்தின் மேல் நிற்கும் நல்லக்கண்ணுவுக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளையின் எடை ஏற ஏற அவருக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. "பிள்ளை வாரதுக்குள்ள சுவரு பூசி, நனைச்சு, காஞ்சும் போயிருக்கும் தாயி" என்று வாக்குக் கொடுத்திருந்தார். முப்பது வருஷத்தில் அவர் கொடுத்த வாக்கு எதுவும் பொய்யானதில்லை.

வழக்கமாக அவர் இப்படிப்பட்ட சுவரைக் கொத்திவிட்டு, சிமெண்ட் பால் அடித்துப் பூசிவிடுவார். இந்தச் சுவரில் அது நடக்கவில்லை. அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தறி ஓடுகிறது. சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டியதுமே அந்த வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார். "வே, இங்கன ஒரு கொத்து விழுந்தா எங்க பக்கம் ஒரு சட்டி மண்ணு கொட்டுது. தறியில கட்டின பாவு நூலு மேல பூராவும் காரை. நிறுத்தும்வே!" என்றார். அதனால்தான் நல்லக்கண்ணுவும் குருநாதனும் ஆஷிக் அலியின் ஹார்டுவேர் கடைக்குப் போனார்கள்.

ஆஷிக் அலி இரண்டு டப்பாக்களை மேஜைமேல் வைத்தார்.

"ரெண்டுமே பாண்டிங் ப்ரைமருதான் அண்ணாச்சி. பழைய சுவருக்கும் புதுப் பூச்சுக்கும் நடுவுல நின்னு ரெண்டு பேரு கையையும் பிடிச்சுக்கிடும். இது பாலு மாதிரி இருக்கும். சிமெண்டுல கலந்து அடிச்சு, ஒட்டுத பதத்துல இருக்கும்போதே பூசிறணும். காஞ்சு போச்சுன்னா பிரயோஜனமில்ல."

"எம்புட்டு நேரம் தாங்கும் பாய்?"

"டப்பாவுல ஒரு மணி நேரம்னு போட்டிருக்கான். அவன் எந்த ஊருல இருந்து எழுதினானோ! நம்ம ஊரு ஆடிக் காத்துல கால் மணி நேரம் நிக்காது."

"அப்பம் இது?"

"இது ரோஸ் கலரு. உள்ள மணலு கலந்திருக்கு. முந்தின நாள் சாயங்காலம் அடிச்சுட்டு வீட்டுக்குப் போயிரலாம். விடிஞ்சு தொட்டுப் பாத்தா உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு நிக்கும். அது மேல பூச வேண்டியதுதான்."

"ரெண்டுல எது நல்லது, அதைச் சொல்லும்" என்றார் குருநாதன்.

"ரெண்டும் நல்லதுதான். உங்ககிட்ட எத்தனை கை இருக்குங்கதைப் பொறுத்து எடுக்கணும்."

இருந்தது ஒரு கொத்தனார், ஒரு சித்தாள். காற்று உலர்த்துவதற்குள் பாதிச் சுவரைக்கூட மூட முடியாது. ரோஸ் டப்பாவையே எடுத்தார்கள். கிளம்பும்போது ஆஷிக் அலி கூப்பிட்டுச் சொன்னார்: "அடிக்கதுக்கு முன்னாலயும் சுவரு சுத்தமா இருக்கணும். அடிச்ச பெறகும் அது மேல எதுவும் உக்காரப்படாது. நடுவுல மூணாவது ஆளு வந்தா ரெண்டு பேரும் கையை விட்டுருவாங்க."

"எங்க கல்யாணத்துல மாமனாரு நடுவுல வந்து உக்காந்த மாதிரி" என்றார் குருநாதன். பாய் சிரித்துவிட்டார்.

நல்லக்கண்ணுவும் சித்தாள் பேச்சியும் இரண்டு நாள் சுவரைச் சுரண்டினார்கள். பேச்சி முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, கம்பிப் பிரஷால் தேய்த்து, சோடா கலந்த தண்ணீரால் கழுவினாள். "இந்தச் சுவத்துல இருந்து எடுத்த பஞ்சுல ஒரு தலையணை தைக்கலாம்ணே" என்று இருமிக்கொண்டே சொன்னாள். திங்கட்கிழமை சாயங்காலம் இடது பாதிக்கு ப்ரைமர் அடித்தார்கள். மறுநாள் காலையில் நல்லக்கண்ணு கை வைத்துப் பார்த்தார். சொரசொரப்பு கொஞ்சம் மட்டுப்பட்ட மாதிரி இருந்தது. தன் உள்ளங்கை காய்த்துப்போனதால் அப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பூசினார்.

புதன்கிழமை காலையில் வந்து பார்த்தால், பூச்சு ஏடு ஏடாகத் தரையில் கிடந்தது.

விழுந்த விதம்தான் விசித்திரம். தரையிலிருந்து ஏழடி உயரம் வரைக்கும் மொத்தமாகக் கழன்றுவிட்டது. அதற்கு மேலே ஒரு விரற்கடைகூட அசையவில்லை. விரல் முட்டியால் தட்டினார். கல் மாதிரி நின்றது.

"ஓதம்தான். தரையில இருந்து ஏறுது" என்றார் நல்லக்கண்ணு.

"முப்பது வருசமா படுத்துக் கிடந்த ஓதம், பேத்தி வாரான்னு எந்திரிச்சு வருதாக்கும்?" என்றார் குருநாதன்.

"எனக்கென்னமோ பக்கத்துத் தறின்னு தோணுது" என்றாள் பேச்சி. "ராவும் பகலும் டக்கு டக்குன்னு அடிச்சா எது நிக்கும்?"

"மேல மட்டும் எப்படிட்டி நிக்கு?" என்றார் நல்லக்கண்ணு.

"தறி என்ன பனைமரம் உயரமா இருக்கு? அது உயரத்துக்குத்தான அதிரும்."

அவள் சொன்னதும் சரி மாதிரிதான் இருந்தது. ஓதம் என்பதும் சரி மாதிரி இருந்தது. ஞானபூரணம் அடுக்களைக் கதவருகே நின்றிருந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

இடது பக்கம் காயட்டும் என்று விட்டுவிட்டு வலது பாதியை எடுத்தார்கள். அது, இடது மூலையை ஒட்டியிருந்த குளியலறையிலிருந்து தள்ளி இருந்தது. ஓதத்துக்கு அங்கே வேலையில்லை. புது டப்பா வாங்கி வந்து வியாழக்கிழமை சாயங்காலம் அடித்து, வெள்ளிக்கிழமை பூசினார்கள். சனிக்கிழமை காலையில் அதுவும் தரையில் கிடந்தது. இந்தத் தடவை ஒன்பதடி வரைக்கும்.

இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், இடது பக்கம் ஏழடியில் ஒரு கோடு, வலது பக்கம் ஒன்பதடியில் ஒரு கோடு என்று, யாரோ படி கட்டிவிட்டுப் பாதியில் போன மாதிரி இருந்தது. நல்லக்கண்ணு அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். தண்ணீர், காற்று, மணல், தறி, தன் கை என்று ஒவ்வொன்றாக நினைத்து ஒவ்வொன்றாகத் தள்ளினார். கடைசியில் மிஞ்சியது டப்பா. பழக்கமில்லாத சாமான் அது ஒன்றுதானே.

நேராகக் கடைக்குப் போனார். வாசலில் இரண்டு கொத்தனார்களும் ஒரு பெயிண்டரும் நின்றிருந்தார்கள்.

"பாய், நீரு எனக்குக் குடுத்தது ப்ரைமரா, ரோஸ் மில்க்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு வந்ததும் நல்லக்கண்ணுவின் வாய் மேலும் நீண்டது. "குடிச்சிருந்தாலாவது வயித்துக்குக் குளிர்ச்சியா இருந்திருக்கும். ரெண்டு தடவை சுவரு விழுந்துட்டுவே. பச்சப்பிள்ளை வார வீடு."

ஆஷிக் அலி கோபப்படவில்லை. கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்த துண்டால் மேஜையை ஒரு தடவை துடைத்தார். "நாளைக்கு நானே வந்து பாக்கேன் அண்ணாச்சி" என்றார். அப்போது பக்கத்தில் நின்ற கொத்தனார் ஒருவர், கையில் எடுத்து வைத்திருந்த ரோஸ் டப்பாவைச் சத்தமில்லாமல் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, "பெறகு வாரேன் பாய்" என்று கிளம்பிப் போனார்.

அந்த டப்பா அலமாரிக்குத் திரும்பிப் போனது நல்லக்கண்ணுவின் கண்ணிலேயே நின்றது. வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றபோதும் நின்றது. ஆஷிக் அலியை அவருக்கு இருபது வருஷமாகத் தெரியும். ஒரு தடவைகூட மட்டமான சாமானைக் கைநீட்டிக் கொடுத்ததில்லை. பின்னே ஏன் அப்படிச் சொன்னோம்? டப்பாவைச் சொல்லாமல் பின்னே எதைச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை பேச்சிக்கு லீவு. நல்லக்கண்ணு மட்டும் தனியாக வந்து, விழுந்து கிடந்த ஏடுகளை அள்ளிச் சாக்கில் கட்டினார். அடுக்களையிலிருந்து உளுந்து வறுக்கிற மணம் வந்தது. மகள் வந்ததும் உளுந்தங்களி கிண்டிக் கொடுக்க வேண்டும் என்று ஞானபூரணம் இப்போதே மாவு திரிக்கிறாள்.

ஒரு ஏட்டைக் கையில் எடுத்து முதுகுப்பக்கம் திருப்பினார். டப்பா மோசம் என்றால், ப்ரைமர் பூச்சோடு சேர்ந்து உரிந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. ரோஸ் நிறம் அப்படியே சுவரில் இறுகப் பிடித்திருந்தது. ஏட்டின் முதுகில் வேறு ஏதோ இருந்தது. மெல்லிசாக, மாவு மாதிரி, வெளிர் சிவப்பாக. ரோஸ் நிறத்தின் மேல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. சிமெண்டின் மேல் தெரிந்தது. விரலால் தடவினார். வழுவழு என்று இருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். அப்புறம், ஏன் என்று தெரியாமலே, விரலை நாக்கில் வைத்தார்.

அவர் புத்திக்கு எட்டும் முன்பே நாக்கு கண்டுபிடித்துவிட்டது. இந்த ஊரில் பிறந்தவர்கள் நடக்கப் படிக்கும் முன்பே அறிந்துகொள்கிற ருசி அது. கோமதியம்மன் கோவில் புற்றுமண். காய்ச்சல் என்றால் நெற்றியில் பூசுவார்கள், வயிற்றுவலி என்றால் ஒரு சிட்டிகை வாயில் போடுவார்கள்.

"அண்ணாச்சி, காப்பி ஆறுது" என்று ஞானபூரணம் உள்ளே வந்தாள். கருப்பட்டிக் காப்பியை வைத்துவிட்டு, உத்தரத்திலிருந்து தொங்கிய தொட்டில் கயிறு அவர் தலையில் இடிக்கும் என்று அதை எக்கிச் சுருட்டிச் சொருகினாள். அவளுடைய கை மேலே நீண்டபோது, விரல் நுனி சுவரின் இடதுபக்கக் கோட்டுக்கு நேராகப் போய் நின்றது. மூலையில் கிடந்த முக்காலியை நல்லக்கண்ணு அப்போதுதான் பார்த்தார். இரண்டடி உயர முக்காலி. அதன் விளிம்பில் சிவப்பாக ஐந்து விரல் பதிந்திருந்தது.

ஏழும் இரண்டும் ஒன்பது.

"தாயி," என்றார். "பூசுத அன்னைக்குக் காலையில, நாங்க வாரதுக்கு முன்னால, இங்கன யாரும் வந்தாங்களா?"

"நான்தான் வந்தேன் அண்ணாச்சி" என்றாள் அவள். மறைக்க வேண்டிய காரியம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. "வெள்ளன குளிச்சுட்டு, ஆடித்தபசுக்குக் கோவிலுக்குப் போனப்ப வாங்கிட்டு வந்த அம்மன் மண்ணைத் தண்ணியில கரைச்சுச் சுவரு பூராவும் துணியால தடவினேன். பிள்ளை மூச்சு விடப்போற இடம்லா? அது விழுந்ததும் எனக்கு ஈரக்கொலை நடுங்கிட்டு. கை எட்டின மட்டும் தடவிட்டு மேல விட்டுட்டமே, அந்தக் குறைதானோன்னு, அடுத்த தடவை முக்காலி போட்டு ஏறி, கெட்டியாக் கரைச்சுத் தடவினேன்."

அவள் குரல் தாழ்ந்தது. "அதுவும் விழுந்துட்டு. அவுககிட்டச் சொன்னா கோட்டிச் சிறுக்கின்னு வைவாக. நீங்க சொல்லுங்க அண்ணாச்சி, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்லா? அம்மன் வேண்டாம்னு தள்ளுதாளோ?"

நல்லக்கண்ணு கையிலிருந்த ஏட்டைத் தரையில் வைத்தார். மண்ணால்தான் விழுந்தது என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மூன்றாம் தடவையும் தடவுவாள். இந்தத் தடவை ஏணி போட்டு ஏறுவாள். சொன்னாலோ, அவள் காதில் வேறொன்றாக விழும். அம்மன் மண்ணே பேத்தியின் சுவரைத் தள்ளிவிட்டது என்று விழும். கண்ணாடிப் பெட்டிக்குள் பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கிற ஒருத்தியிடம் அதை எந்த வாயால் சொல்வது?

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி" என்று மட்டும் சொன்னார்.

அதற்குள் வாசலில் பைக் சத்தம் கேட்டது. ஆஷிக் அலி சொன்னபடி வந்துவிட்டார். பின்னாலேயே குருநாதனும் தறியை நிறுத்திவிட்டு, தலைமுடியில் பஞ்சோடு வந்தார். "வாரும் பாய், நல்லாப் பாரும். டப்பாவா, கொத்தனாரா? இன்னைக்கு எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும்."

ஆஷிக் அலி குனிந்து ஒரு ஏட்டை எடுத்தார். முதுகைத் திருப்பினார். விரலால் தடவி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு சுவரின் இரண்டு கோடுகளையும் பார்த்தார்; முக்காலியைப் பார்த்தார்; நெற்றியில் அதே மண்ணோடு கதவருகே நின்ற ஞானபூரணத்தைப் பார்த்தார்; கடைசியாக நல்லக்கண்ணுவைப் பார்த்தார்.

"டப்பாதான்" என்றார். "வெயில் அடிக்குத பக்கம் அடுக்கியிருந்தேன். சூடேறிக் கெட்டிருக்கும். வேற தாரேன்."

நல்லக்கண்ணுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடையின் பெயரையே அல்லவா இந்த மனுஷன் தூக்கிக் கொடுக்கிறார்? "இல்ல இல்ல, டப்பா நல்ல டப்பா" என்று குறுக்கே விழுந்தார். "நான்தான் சரியாத் துடைக்காம விட்டுட்டேன். நடுவுல தூசி உக்காந்துட்டு. என் வேலைதான் குத்தம்."

"உம்ம வேலையில என்ன குத்தம் அண்ணாச்சி? என் சரக்குதான்."

"சரக்கைச் சொல்லாதேரும். நான் சொல்லுதேம்லா!"

குருநாதன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எப்பா, நேத்து இவரு உம்மச் சொன்னாருன்னு ஊரே சொல்லுது. இன்னைக்கு நீரு உம்மையே சொல்லுதீரு, இவரு இவரையே சொல்லுதாரு. குத்தத்துக்கு இப்படி அடிச்சுக்கிடுத ஆளுகளை நான் பாத்ததேயில்ல. சவம், எனக்கு ஒண்ணும் வெளங்கலை!" தலையை உதறிக்கொண்டு தறிக்கே போய்விட்டார்.

ஞானபூரணத்தின் கண் ஆஷிக் அலியின் கையிலிருந்த ஏட்டின் முதுகிலேயே நின்றது. பிறகு காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தம்ளரில் காப்பி குடிக்கப்படாமல் இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

தெருவுக்கு வந்ததும் நல்லக்கண்ணு கேட்டார்: "எப்படிக் கண்டுபிடிச்சீரு?"

"சின்னப் பிள்ளையில எனக்குத் தலை பூராவும் கட்டி. எங்க உம்மா கோவில் பக்கத்து வீட்டுல வாங்கி இந்த மண்ணைத்தான் குழைச்சுப் பூசினாங்க. இந்த வாசனை மறக்குமா?"

"அந்தம்மாகிட்ட எப்படிச் சொல்லுதது பாய்?"

ஆஷிக் அலி பைக் மேல் ஏறி உட்கார்ந்தார். "எனக்கும் தெரியலை அண்ணாச்சி" என்றார்.

திங்கட்கிழமை விடிந்ததும் நல்லக்கண்ணு கோவிலுக்குப் போனார். கேட்பதற்கு அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. 'தாயே, உன் மண்ணு எப்படி எங்க பூச்சைத் தள்ளும்? தள்ளலேன்னா, நான் நாக்குல வச்சது என்ன? தள்ளுச்சுன்னா, அவளுக்கு நான் என்ன சொல்ல?' அம்மன் சந்நிதியில் நின்றார். வாய்க்குள் கேள்வியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோதே கூட்டம் நகர்த்தியது. வெளியே வந்தபோது கை பழக்கத்தில் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து வாயில் போட்டிருந்தது. நெற்றியிலும் இட்டிருந்தது. அதன் பிறகுதான் எதைக் கேட்க வந்தோம் என்பதே நினைவுக்கு வந்தது. அவருக்குத் தன் மேலேயே சிரிப்பு வந்தது. குழப்பம் போகவில்லை. ஆனால் நெஞ்சில் இருந்த கனம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனார். வேலைக்குக் கிளம்புகிற கொத்தனார்கள் சாமான் வாங்க நிற்கிற நேரம். சத்தமாகச் சொன்னார்: "சனிக்கிழமை நான் சொன்னது தப்பு. பாய் குடுத்த டப்பாவுல ஒரு குறையுமில்ல. குறை எங்க பக்கம். எனக்கு இன்னும் ரெண்டு ரோஸ் டப்பா குடுங்க பாய்."

"என்ன குறை நல்லக்கண்ணு?" என்று ஒருவர் கேட்டார்.

"குறை குறைதான். உமக்கு எதுக்கு அது?"

அன்று பகல் முழுவதும் அவரும் பேச்சியும் தண்ணீர் அடித்து, தேய்த்து, மறுபடி தண்ணீர் அடித்தார்கள். தரையில் சிவப்பாக ஓடிய தண்ணீரைப் பேச்சி பார்த்தாள். நல்லக்கண்ணுவைப் பார்த்தாள். அந்த வாயாடிப் பெண் குனிந்து துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரை வெளியே தள்ளினாள். சாயங்காலம் சுவர் முழுக்க ப்ரைமர் அடித்து முடித்தபோது போன் வந்தது. ஆயிரத்து எழுநூற்று எண்பது.

செவ்வாய்க்கிழமை விடியுமுன்பே நல்லக்கண்ணு வந்துவிட்டார். பேச்சியையும் வரச் சொல்லியிருந்தார். ஆடிக் காற்று கூரை ஓடுகளைத் தட்டிக்கொண்டிருந்தது. சுவரைத் தொட்டார். உப்புத்தாள்தான், உள்ளங்கையைக் கீறியது. இரவெல்லாம் யோசித்து வைத்த வார்த்தைகளை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். ஒன்றும் ஒன்றோடு ஒட்டவில்லை.

ஞானபூரணம் குளித்த ஈரத்தலையோடு வந்தாள். கையில் வெண்கலக் கிண்ணம். ஆனால் சுவரை நெருங்கவில்லை. கூடத்தின் நடுவிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணாச்சி, என் மண்ணுதானா?"

யோசித்து வைத்த எதுவும் வரவில்லை. வேறொன்று வந்தது. "மண்ணுல ஒரு குத்தமும் இல்ல தாயி. அம்மன் மண்ணு நெத்திக்குள்ளது, உடம்புக்குள்ளது. அதைச் சுவத்துக்கும் சிமெண்டுக்கும் நடுவுல கொண்டு வச்சா அது என்ன செய்யும், பாவம்? இடம் மாறிட்டு, அம்புட்டுதான்."

அவள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து ஒரு சொட்டு அதில் விழுந்தது. "அப்பம் இதை என்ன செய்ய?"

நல்லக்கண்ணு இரண்டு கையையும் குவித்து நீட்டினார். "பூசுத கைக்குத் தாங்க."

கிண்ணத்திலிருந்து எடுத்து அவள் அவர் கையில் வைத்தாள். அவர் நெற்றியில் இட்டுக்கொண்டு, ஒரு துளியை நாக்கில் வைத்தார். பேச்சியும் துண்டை அவிழ்த்துவிட்டு முன்னால் வந்தாள். "எனக்கும் வைங்க மதினி. கலவை குழைக்குத கைக்கு மட்டும் சாமி வேண்டாமாக்கும்? எனக்குக் கொஞ்சம் கூடவே வைங்க, இவரு வாங்குத வேலைக்கு எனக்கு இடுப்புல வலி."

ஞானபூரணம் அழுகையோடு சிரித்துவிட்டாள்.

நல்லக்கண்ணு கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தார். அன்றைக்கு இடது பாதி, மறுநாள் வலது பாதி. இரண்டு இரவும் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காலையில் கதவைத் திறக்கும்போது முதலில் தரையைத்தான் பார்த்தார். தரை சுத்தமாக இருந்தது.

சுவர் நனைந்து, காய்ந்து, வெள்ளையடித்து முடிந்த மறுநாள் வேல்விழியின் குரல் ஸ்பீக்கரில் கத்தியது: "அம்மா! ரெண்டாயிரத்துப் பத்து!"

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள் நல்லக்கண்ணு வேறு வேலைக்காகச் சாமான் வாங்கக் கடைக்குப் போனார். ஆஷிக் அலி அவரை உள்ளே உட்கார வைத்தார்.

"நேத்து அந்தம்மா வந்தாங்க. ஒரு தூக்குவாளி உளுந்தங்களியோட. வாசல்ல அஞ்சாறு கொத்தனாருக நின்னாங்க. எல்லாருக்கும் கேக்கத்தான் சொன்னாங்க, 'அன்னைக்குச் சுவரு விழுந்தது உங்க டப்பாவால இல்ல, கொத்தனாரு வேலையாலயும் இல்ல, என் கையால'ன்னு. எனக்குத்தான் எங்க பாக்கதுன்னு தெரியலை."

"குருநாதனுக்குத் தெரியுமா?"

"அவரும் கூடத்தான் நின்னாரு."

"வைதாரா?"

ஆஷிக் அலி தாடியைத் தடவினார். "'என் பொண்டாட்டி கை எட்டாத இடத்துக்கும் ஏறித் தடவியிருக்கா பாய்'ன்னாரு. வைதாரா, பெருமைப்பட்டாரான்னு எனக்கு இன்னும் வெளங்கலை."

நல்லக்கண்ணு அன்று சாயங்காலம் வேலை முடிந்து போகிற வழியில் குருநாதன் வீட்டில் சைக்கிளை நிறுத்தினார். கை கால் கழுவிய பிறகுதான் அவரை உள்ளே விட்டார்கள். கூடத்தில் கதவு சாத்தியிருந்தது. பக்கத்துத் தறிச் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் தூரத்தில் கேட்டது. தொட்டிலில் பிள்ளை, மூடிய கை இரண்டும் முகத்தருகே இருக்க, தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு கைப்பிடிதான் இருந்தது.

நல்லக்கண்ணு தொட்டிலைத் தாண்டிச் சுவரருகே போனார். பழக்கத்தில் விரலை மடக்கினார்.

"பைய, அண்ணாச்சி" என்றாள் ஞானபூரணம்.

ஏழடிக் கோடு இருந்த இடத்தில், பூவைத் தொடுகிற மாதிரி, ஒரே ஒரு தடவை தட்டினார். டொக். சுவர் தாழ்ந்த குரலில் சொன்னது. பிள்ளை கையை ஒரு தடவை விரித்து மறுபடி மூடிக்கொண்டது, விழிக்கவில்லை.

அதன் நெற்றியில் பயறளவுக்குப் புற்றுமண் இட்டிருந்தது. அது அங்கே நன்றாகப் பிடித்திருந்தது.